படிக்கத்தானே வந்தாய்?

சென்ற பருவத்தின் தொடக்கத்தில் எங்கள் கல்லூரியில் ஒரு கூட்டம் நடந்தது. இரண்டாமாண்டு மாணவியருக்கு வாரத்தில் இரண்டு நாள் மாலையில் இருந்த விளையாட்டு நேரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் போட்டித் தேர்வுக்கான பயிற்சி வகுப்பு வைப்பது என்று தீர்மானம். மாணவர்களுக்கு? அவர்களுக்கும் பயிற்சி உண்டாம், ஆனால் காலையில். அவர்களுடைய மாலைநேர மைதானத்தில் யாரும் கை வைக்கவில்லை. ஏன் இப்படி என்று கேட்டேன். பெண்பிள்ளைகள் வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பஸ் பிடித்து வருகிறவர்கள், காலையில் சீக்கிரம் வரச் சொன்னால் பாவம் என்றார் ஒருவர், உண்மையான பரிவுடன். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அவ்வளவு நீட்டவில்லை. "மேடம், அதுங்க படிக்கத்தானே வருதுங்க?" என்றார்.

அந்த வாக்கியம் எனக்குப் பழசு. எட்டாம் வகுப்பில் நான் பெரியவளாகி, பதினாறு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் திரும்பியபோது பி.டி. டீச்சர் சொன்னார். பத்தாம் வகுப்பில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கியபோது மறுபடி கேட்டேன். பையன்கள் மணி அடிப்பதற்கு முன்பே மைதானத்துக்கு ஓடிப் போயிருந்தார்கள். மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் நாங்கள். மாவட்ட அளவு கபடிக்குத் தேர்வான என் மாணவி ஒருத்தி போன வருடம் துறை வாசலில் நின்று அழுதாள். "அம்மா, அப்பா போகக் கூடாதுன்னுட்டாரும்மா. ராத்திரி வெளியூர்ல தங்கணுமாம். படிக்கத்தானே அனுப்பினேன்னு கேக்குறாரு." என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. அந்த அப்பாவிடம் செல்லுபடியாகும் பதில் இல்லை.

இந்த வாக்கியத்தின் தாய்மொழி தமிழ்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் லிட்டில் ராக் நகரில் உள்ள ஓர் அரசுப் பள்ளியின் கதையைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அது உலகமெல்லாம் புழங்கும் வாக்கியம் என்று தெரிந்தது. லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி. கறுப்பின மக்களின் கல்வி உரிமைப் போராட்டத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் அதைச் சொல்லாமல் போவதில்லை. ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள், ஒரு வெள்ளைப் பள்ளி, தடுத்த ஆளுநர், ராணுவத்தை அனுப்பிய குடியரசுத் தலைவர் என்று நான்கு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த நான்கு வரியில் இரண்டு வரி ஆண்களுக்குப் போய்விடுகிறது. ஒன்பது பேரில் ஆறு பேர் பெண்கள் என்பது எந்த வரியிலும் வருவதில்லை.

ஆறு பேரையும் பெயர் சொல்லியே தொடங்குகிறேன்: எலிசபெத் எக்ஃபோர்ட், மின்னிஜீன் பிரவுன், மெல்பா பட்டிலோ, கார்லோட்டா வால்ஸ், குளோரியா ரே, தெல்மா மதர்ஷெட்.

பள்ளிக்கூடம் 1927இல் கட்டப்பட்டது. செலவு சுமார் 15 லட்சம் டாலர். அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைக்கும் தொகை. அமெரிக்காவிலேயே மிக அழகான உயர்நிலைப் பள்ளி என்று கட்டடக் கலைஞர்கள் புகழ்ந்தார்கள். முகப்பில் நான்கு சிலைகள்: இலட்சியம், ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம். 1936இல் பள்ளிக்கென்று ஒரு ஸ்டேடியம் எழுந்தது. அதைக் கட்ட உதவியது பொருளாதார மந்தக் காலத்தில் மத்திய அரசு ஒதுக்கிய பொதுப்பணி நிதி. அதாவது நாட்டு மக்கள் எல்லாரின் வரிப்பணம். கறுப்பினப் பிள்ளைகளின் பெற்றோர் கட்டிய வரியும் அதில் உண்டு.

அந்தப் பிள்ளைகளுக்கு 1929இல் டன்பார் என்ற பள்ளி கட்டினார்கள். ஏறத்தாழ நான்கு லட்சம் டாலர். அதிலும் ஒரு பகுதி அறக்கட்டளைப் பணம். வெள்ளைப் பிள்ளைகள் படித்துக் கிழித்த பழைய புத்தகங்கள்தான் அங்கே வரும். டன்பாரில் ஆங்கிலத் துறைக்குத் தலைமை வகித்த சூ கோவன் வில்லியம்ஸ் என்ற ஆசிரியை, வெள்ளை ஆசிரியர்களுக்கு இணையான சம்பளம் கேட்டு 1942இல் வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டில் தோற்றார். 1945இல் மேல்முறையீட்டில் வென்றார். இடையில் அவருடைய வேலை போய்விட்டது. பல வருடம் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது. ஒன்பது பேரின் கதைக்குப் பதினைந்து வருடம் முன்பு அதே ஊரில் அதே கல்வி நிர்வாகத்தை எதிர்த்து நின்றவர் சம்பளக் கணக்குத் தெரிந்த ஒரு டீச்சர். அவரை எந்த மேடையிலும் யாரும் சொல்லக் கேட்டதில்லை. இதைப் படிக்கும் மாணவியர் யாராவது ஆய்வுத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால், அவர் காத்திருக்கிறார்.

1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனம் பிரித்துப் பள்ளிக்கூடம் நடத்துவது சட்டவிரோதம் என்றது. லிட்டில் ராக் நிர்வாகம் உடனே தலையாட்டியது, பிறகு தவணை முறையில் ஒரு திட்டம் போட்டது. கறுப்பினப் பகுதியில் ஒரு புதுப் பள்ளி, வசதியான வெள்ளையர்கள் குடியிருந்த மேற்குப் பகுதியில் ஒரு புதுப் பள்ளி, நடுவில் இருக்கும் சென்ட்ரலில் மட்டும் சில கறுப்பினப் பிள்ளைகள். ஆக, பணக்கார வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் பக்கம் யாரும் வரப்போவதில்லை. உழைக்கும் வர்க்கத்து வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே வராந்தாவில் மோதிக்கொள்ளட்டும் என்று விடப்பட்டது. ஊரில் பெரிய மனிதர்கள் சண்டையை எப்போதும் எங்கே நடத்துவார்கள் என்று நமக்குத் தெரியாதா?

சேர விரும்பியவர்களைச் சலித்தார்கள். மதிப்பெண், நடத்தை, குடும்பம் எல்லாம் பார்த்தார்கள். சலித்து எஞ்சியவர்களுக்கு ஒரு நிபந்தனை சொல்லப்பட்டது. வகுப்பில் உட்காரலாம். ஆனால் விளையாட்டு அணியில் சேரக் கூடாது. பாடகர் குழுவில், பேண்டில், நாடகத்தில், மாணவர் மன்றத்தில் இடமில்லை. நடன விருந்துகளுக்கு வரக் கூடாது. மணி அடித்தால் வீட்டுக்குப் போய்விட வேண்டும். நீங்கள் படிக்கத்தானே வருகிறீர்கள்?

இந்த நிபந்தனையைப் பெரும்பாலான வரலாறுகள் ஓரமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகின்றன. சிறிய விஷயமாம். உயிருக்கே ஆபத்து இருக்கும்போது பாட்டும் பந்தும் எதற்கு என்பது அவர்கள் நினைப்பு. நான் இதையே பெரிய விஷயம் என்கிறேன். வகுப்பறையில் பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து உட்காருவதில்லை, கரும்பலகையைப் பார்த்து உட்காருகிறது. அணியில் சேர்ந்தால்தான் ஒருத்தியின் கையிலிருந்து இன்னொருத்தியின் கைக்குப் பந்து போக வேண்டும். கோரஸில் நின்றால்தான் பக்கத்தில் நிற்பவளின் மூச்சோடு தன் மூச்சைச் சேர்க்க வேண்டும். வேர்வை, மூச்சு, தொடுகை. இனவெறியும் சாதியும் எதைக் கண்டு நடுங்குமோ அதெல்லாம் பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்தது. அதைத்தான் பூட்டினார்கள். சட்டம் கதவைத் திறக்கச் சொன்னது. நிர்வாகம் திறந்தது, உள்ளே இருந்த கதவுகளைச் சாத்திவிட்டு.

1957 செப்டம்பர் 4. எலிசபெத் எக்ஃபோர்டுக்கு வயது 15. முதல் நாளைக்கென்று தானே தைத்த வெள்ளை உடையை உடுத்திக்கொண்டு தனியாகப் பஸ்ஸில் வந்தாள். எல்லோரும் சேர்ந்து போவதாக முந்தின இரவு முடிவாகியிருந்தது. அவள் வீட்டில் டெலிபோன் இல்லாததால் செய்தி அவளுக்கு வந்து சேரவில்லை. ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் நிறுத்திவைத்திருந்த தேசியக் காவல் படையினர் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்து அவளைத் தடுத்தார்கள். திரும்பி நடந்தாள். பின்னால் கூட்டம். அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது. அவளுக்குப் பின்னால் வாயைக் கோணிக் கத்துகிற வெள்ளைச் சிறுமிக்கும் அதே 15 வயது. இருவரையும் அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்திய ஆண்கள் யாரும் அந்தப் படத்தின் நடுவில் இல்லை. உதவுவார்களா என்று கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடினாள் எலிசபெத். வயதான ஒரு பெண்ணின் முகம் கருணையாகத் தெரிந்தது. மறுபடி அவரைப் பார்த்தபோது அந்தப் பெண் அவள்மேல் துப்பினார்.

பஸ் நிறுத்தத்தில் அவளருகே வந்து நின்று, கூட்டத்தைத் திட்டி, அவளைப் பஸ் ஏற்றிவிட்டவர் கிரேஸ் லார்ச் என்ற வெள்ளைப் பெண். இவரும் டீச்சராக இருந்தவர்தான். பாஸ்டனில் வேலை பார்த்தபோது, கல்யாணம் செய்துகொண்ட ஆசிரியைக்கு வேலை இல்லை என்ற விதியால் 1943இல் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்டு, அதை எதிர்த்தவர். இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது எனக்கு ஏதோ புரிகிறது. அதை விளக்கப் போவதில்லை.

அதே ஊரில் அந்த ஆகஸ்டில் பெண்கள் சிலர் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். பெயர் 'சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளித் தாய்மார் கழகம்'. நோக்கம், கறுப்பினப் பிள்ளைகள் உள்ளே வராமல் தடுப்பது. தாய்மார்! நாங்கள் அரசியல் பேசவில்லை, எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் ஊரில் தலித் பெண் சமைத்த சத்துணவைத் தங்கள் பிள்ளை சாப்பிடக் கூடாது என்று பள்ளி வாசலில் நின்று கத்தியவர்களிலும் தாய்மார் இருந்தார்கள். மேடைதோறும் தாய்மையைப் போற்றிப் பேசுகிற தோழிகளுக்குச் சொல்கிறேன்: தாய்மை தன்னளவில் எந்தப் பக்கமும் சாய்ந்ததல்ல. எந்தத் தாய், யாருடைய பிள்ளை என்று கேட்காமல் அந்தச் சொல்லை இனியும் எழுதாதீர்கள். நானும் ஒரு காலத்தில் எழுதியவள்தான். என் முதல் தொகுப்பில் பாதிக் கவிதைகள் அம்மாவைப் பற்றியவை.

செப்டம்பர் 25ஆம் தேதி 101ஆவது வான்படைப் பிரிவு வீரர்களின் காவலில் ஒன்பது பேரும் பள்ளிக்குள் போனார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் துணையாக ஒரு வீரர் வராந்தாவில் நடந்து வந்தார். ஆனால் அந்தக் காவல் பெண்கள் கழிப்பறை வாசலோடு முடிந்தது, உடை மாற்றும் அறை வாசலோடு முடிந்தது. உடற்பயிற்சி வகுப்பு அங்கே கட்டாயப் பாடம். அணியில் சேர அனுமதி இல்லாத பெண்களுக்கு ஜிம் வகுப்பிலிருந்து மட்டும் விலக்கு இல்லை. மெல்பா பட்டிலோ பிற்காலத்தில் எழுதிய நினைவு நூலில் அந்த அறைகளில் பட்டதைச் சொல்கிறார். கொதிக்கும் ஷவர் தண்ணீர். கழிப்பறைக் கதவுக்கு மேலிருந்து விழுந்த எரியும் காகிதம். நாட்டின் மிகச் சிறந்த ராணுவப் பிரிவு நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தது. ஆண்களின் பாதுகாப்பு எந்த வாசல்வரை வரும் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு கட்டடம் சொல்லிவிட முடியாது.

மின்னிஜீனுக்குப் பாட ஆசை. பள்ளியின் பாடகர் குழுவில் சேர்ந்து கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் பாட வேண்டும் என்று கேட்டுப் பார்த்தாள். முடியாது என்றார்கள். அந்த டிசம்பரில் ஒரு நாள் உணவறையில் தட்டோடு நடந்துபோனபோது பையன்கள் நாற்காலிகளைத் தள்ளி வழியை மறித்தார்கள். கையிலிருந்த சில்லிக் குழம்பு அவர்கள் தலையில் கொட்டியது. அவளைச் சஸ்பெண்ட் செய்தார்கள். திரும்பி வந்த பிறகு பிப்ரவரியில் ஒரு பெண் கைப்பையால் அவளை அடித்தாள். திருப்பித் திட்டியதற்காகப் பள்ளியை விட்டே வெளியேற்றினார்கள். ஒருத்தி ஒழிந்தாள், இன்னும் எட்டு என்று அச்சிட்ட அட்டைகள் பள்ளியில் உலவின. எட்டு பேர் பொறுமையாக இருந்தார்கள், மின்னிஜீன் பொறுமை இழந்தாள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பாட விட்டிருந்தால்? வாய்க்கு வேறு வேலை கொடுத்திருந்தால்? ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் குரலுக்குப் போக இருந்த வழியையெல்லாம் அடைத்துவிட்டு, அது திட்டாக வெளிவந்தபோது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார்கள்.

தத்துவ அறிஞர் ஹன்னா அரெண்ட் 1959இல் 'டிசென்ட்' இதழில் லிட்டில் ராக்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெரியவர்கள் தீர்க்க வேண்டிய அரசியல் பிரச்சினையைப் பிள்ளைகளின் தோளில் ஏற்றிவிட்டார்கள் என்பது அதன் சாரம். அரெண்டை நான் மதிப்பவள். ஆனாலும் அந்தக் கட்டுரையைப் படிக்கையில் ஒரு பெரிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துப் பேசும் குரலாகத்தான் கேட்டது. கார்லோட்டா வால்ஸ் சென்ட்ரலுக்குப் போக விருப்பமா என்று டன்பாரில் சுற்றுக்கு வந்த தாளில் அப்பா அம்மாவைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டவள். மெல்பாவும் வீட்டில் சொல்லாமல் கை தூக்கியவள்தான். யாரும் அவர்களைத் தள்ளிவிடவில்லை. பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்களுக்குத் தங்கள் வரிப்பணத்தில் கட்டிய பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொந்தமாக ஓர் அபிப்பிராயம் இருக்கலாம் என்பது அவ்வளவு பெரிய சிந்தனையாளருக்குத் தோன்றவில்லை. கறுப்பின எழுத்தாளர் ரால்ஃப் எலிசனின் மறுப்பைப் படித்த பிறகு, தான் தவறவிட்டதை ஒப்புக்கொண்டு அவருக்குக் கடிதம் எழுதினார் அரெண்ட். அது பெருந்தன்மைதான். கடிதம் எலிசனுக்குப் போனது. கார்லோட்டாவுக்குப் போகவில்லை.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். சென்ட்ரலின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 'டைகர்ஸ்' என்று பெயர். 1957ஆம் வருடப் பருவத்தில் அந்த அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. ராணுவம் சுற்றி நிற்க, ஹெலிகாப்டர் மைதானத்தில் இறங்கி ஏற, பயிற்சியும் ஆட்டமும் நடந்தன. ஒன்பது பேரில் ஜெஃபர்சன் தாமஸ் ஓட்டக்காரன். அவன் ஓடக் கூடாது. 1958 மே மாதம் அதே ஸ்டேடியத்தில்தான் பட்டமளிப்பு. எர்னஸ்ட் கிரீன் அந்தப் பள்ளியில் தேறிய முதல் கறுப்பின மாணவராக மேடையேறினார். மார்ட்டின் லூதர் கிங் பார்வையாளர் வரிசையில் இருந்தார். மற்ற பெயர்களுக்கெல்லாம் தட்டிய கைகள் அவர் பெயருக்கு அமைதியாகிவிட்டன. ஒரு வருடம் முழுக்க அந்தப் புல்லில் விளையாட விடாமல், கடைசி நாளில் நடக்க விட்டார்கள்.

அடுத்த வருடம் நடந்ததை என் மாணவியரிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். 1958 செப்டம்பரில் ஆளுநர் நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகள் நான்கையும் மூடினார். கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிடப் பள்ளியே இல்லாமல் இருப்பது மேல். நகர மக்களும் வாக்களித்து அதற்கு ஒப்புதல் கொடுத்தார்கள். சுமார் 3,700 மாணவர்கள் தெருவில். ஆசிரியர்கள் தினமும் வந்து காலி பெஞ்சுகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்று முளைத்தது. கறுப்பினப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் அந்த வருடம் எங்குமே படிக்கவில்லை. 'தொலைந்த ஆண்டு' என்று அதற்குப் பெயர்.

கால்பந்து மட்டும் நிற்கவில்லை. ஆளுநரின் ஒப்புதலோடு மூடிய பள்ளியின் அணி அந்தப் பருவம் முழுவதும் ஆடியது. வகுப்பு இல்லை, கணக்கு இல்லை, நூலகம் இல்லை, ஆனால் வெள்ளிக்கிழமை ஆட்டம் உண்டு. படிக்கத்தானே வருகிறீர்கள் என்று ஒன்பது பேரிடம் சொன்ன அதே ஊர், வெள்ளைப் பையன்களிடம் படிப்பை நிறுத்திக்கொண்டது, விளையாட்டை நிறுத்தவில்லை. அப்படியானால் அந்த ஊரின் கணக்கில் பள்ளிக்கூடம் என்பது என்ன? யார் விளையாடலாமோ அவர்களுடையது பள்ளிக்கூடம். மற்றவர்கள் வந்து படித்துவிட்டுப் போகலாம். இதை எந்தக் கோட்பாட்டு நூலும் எனக்குச் சொல்லித் தரவில்லை, 1958ஆம் வருட ஆட்ட அட்டவணை சொல்லித் தந்தது.

பள்ளிகளை மீண்டும் திறக்க வைத்ததில் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அடோல்ஃபைன் ஃப்ளெட்சர் டெர்ரி என்ற 75 வயது மாது, ஆண்கள் கைவிட்டாயிற்று, இனி பெண்கள்தான் என்று 1958 செப்டம்பரில் தன் வீட்டில் ஒரு கூட்டம் கூட்டினார். 'பள்ளிகளைத் திறப்பதற்கான பெண்கள் அவசரக் குழு' பிறந்தது. வீடு வீடாகப் போனார்கள், போன் செய்தார்கள், வாக்காளர் அட்டைகளை அடுக்கிக் கணக்கெடுத்தார்கள். 1959 மே மாதம் 44 ஆசிரியர்களையும் ஊழியர்களையும் வேலைநீக்கம் செய்தபோது, அதைச் செய்த கல்விக்குழு உறுப்பினர்களைத் தேர்தல் வைத்து வீட்டுக்கு அனுப்ப இந்தப் பெண்களின் உழைப்பு உதவியது. வியக்கத்தக்க வேலை. ஆனால் அந்தக் குழுவில் உறுப்பினராக வெள்ளைப் பெண்களுக்கு மட்டுமே அனுமதி. கறுப்பினப் பெண்களைச் சேர்த்தால் ஊர் ஏற்காது என்பது கணக்கு. உறுப்பினர் பட்டியலை 40 வருடம் ரகசியமாக வைத்திருந்து, 1998இல் டெர்ரி வீட்டு ஜன்னல் கண்ணாடிகளில் பெயர்களைப் பொறித்தார்கள்.

அந்த நாற்பது வருடத்தில் டெய்சி பேட்ஸுக்கு என்ன ஆனது? ஒன்பது பிள்ளைகளுக்கும் தன் வீட்டையே பாசறையாக்கியவர் அவர். ஜன்னல் அவர் வீட்டிலும் உண்டு, அதன் வழியாகக் கல் வந்தது. கணவரோடு நடத்திய 'ஆர்க்கன்சா ஸ்டேட் பிரஸ்' பத்திரிகையை விளம்பரதாரர்கள் கைவிட, 1959இல் அது நின்றுபோனது. ஒரு பெண்ணின் பெயரைக் கண்ணாடியில் பொறிக்கிறோம், இன்னொரு பெண்ணின் கண்ணாடியை உடைக்கிறோம். ஒரே ஊர், ஒரே போராட்டம், இருவரும் பெண்கள். பெண் என்ற ஒற்றைச் சொல்லின் கீழ் எல்லோரையும் உட்காரவைத்துவிடலாம் என்று நம்புகிற நம் அமைப்புகள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கட்டும். நம் கூட்டங்களில் யார் உறுப்பினர், யார் பயனாளி?

1959 ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது கார்லோட்டா திரும்பி வந்தாள். 1960 பிப்ரவரியில் அவள் வீட்டில் குண்டு வெடித்தது. மறுநாள் பள்ளிக்குப் போனாள். அந்தக் கோடையில் சென்ட்ரலில் தேறிய முதல் கறுப்பினப் பெண்ணானாள். சிறு வயதிலிருந்தே பந்தாட்டப் பிரியை அவள். சென்ட்ரலில் அவள் ஆடியதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

இனத் தடை விலகிய பின்னாவது பெண்களுக்கு மைதானம் கிடைத்ததா? 1971-72 கல்வியாண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பையன்கள் சுமார் 36 லட்சத்து 67 ஆயிரம், பெண்கள் 2 லட்சத்து 94 ஆயிரம். 1972 ஜூனில் வந்த சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலினத்தின் பேரால் ஒருவரை விலக்கக் கூடாது என்றது. மொத்தம் 37 ஆங்கிலச் சொற்கள். விளையாட்டு என்ற சொல்லே அதில் இல்லை. ஆனாலும் ஆண்களுக்கு அது எங்கே சுடும் என்று உடனே புரிந்தது. வருமானம் தரும் விளையாட்டுகளுக்கு, அதாவது கால்பந்துக்கு, விலக்கு வேண்டும் என்று 1974இல் ஒரு செனட்டர் திருத்தம் கொண்டுவந்து தோற்றார்.

ஆர்க்கன்சாவில் அதன் பிறகும் பள்ளிப் பெண்கள் அரை மைதானக் கூடைப்பந்துதான் ஆடினார்கள். ஓர் அணியில் ஆறு பேர். மூவர் ஒரு பாதியில் தாக்குவார்கள், மூவர் மறுபாதியில் தடுப்பார்கள், நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. தடுக்கிற மூவர் தங்கள் பள்ளிக் காலம் முழுவதும் ஒரு தடவைகூட ஆட்டத்தில் கூடையை நோக்கிப் பந்து எறிய மாட்டார்கள். பையன்களுக்கு ஐந்து பேர், முழு மைதானம். பெண்ணின் நெஞ்சு அவ்வளவு ஓட்டம் தாங்காது என்று தொடங்கிய பழைய விதி. ஒரு மாணவி வழக்குப் போட்டாள். காரணம் கேட்டபோது விளையாட்டுச் சங்கத்திடம் இருந்த பதில், காலங்காலமாக இப்படித்தான் ஆடுகிறோம் என்பதுதான். வழக்கம் என்பது மட்டும் காரணமாகாது என்று 1979இல் நீதிபதி தீர்ப்பளித்தார். நடுக்கோடு போனது. லிட்டில் ராக்கின் ஆறு பெண்களுக்குப் பள்ளிக்குள் ஒரு கோடு போட்டிருந்தார்கள், வகுப்பறை வரை வா, அதற்கு மேல் வராதே என்று. 22 வருடம் கழித்து அதே மாநிலத்தில் இன்னொரு கோட்டுக்கு எதிராக இன்னொரு பள்ளிப் பெண் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

இன்று சென்ட்ரல் தேசிய வரலாற்றுச் சின்னம். சுற்றுலாப் பயணிகள் வாசலில் நின்று படம் எடுக்க, உள்ளே மணி அடித்து வகுப்பு நடக்கும் பள்ளியும்கூட. ஐம்பதாம் ஆண்டு நிறைவின்போது, 2007இல் வந்த ஓர் ஆவணப்படத்தைப் பார்த்தேன். உயர்நிலைப் பாடங்கள் நடக்கும் வகுப்புகளில் பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகள், சாதாரண வகுப்புகளில் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள். ஒரே கூரை. வாசல் ஒன்று, வராந்தா ஒன்று.

எங்கள் கூட்டத்துக்குத் திரும்புகிறேன். இந்தக் கதையையெல்லாம் நான் அங்கே சொல்லவில்லை. சொல்ல நேரமும் தரவில்லை, டீ வந்துவிட்டது. மைதானத்தில் மாலை ஐந்து மணிக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து தீர்மானம் போடலாம் என்று மட்டும் சொன்னேன். உங்கள் கருத்தைக் குறித்துக்கொள்கிறோம் மேடம் என்றார்கள். பத்து நாள் கழித்து வந்த கூட்டக் குறிப்பில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாக இருந்தது. என் பெயர் வருகைப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஒருமனதாக என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'ஒருவர் நீங்கலாக' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அந்தக் கபடிக்காரப் பெண் இப்போது மூன்றாமாண்டு. அவளுடைய ஜூனியர்கள் பதினொரு பேர், பயிற்சி வகுப்பு தொடங்கும் முன் இருக்கும் இருபது நிமிடத்தில், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் செம்மண் துண்டில் குச்சியால் கோடு கிழித்து ஆடுகிறார்கள்.